சாக்பீஸ் சோபா

பாலத் தளம்
மார்ச் 3

என் கண்ணாடிக்காரிக்கு,

போனில் காசு விஷயம் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. பேசினால் ஒன்று நான் கத்துகிறேன், இல்லை நீ டக்கென்று வைத்துவிடுகிறாய், அதனால் காசு என்றால் கடிதம்தான் என்றாய். ஒன்றரை வருஷமாக நானும் வாயைக் கட்டிக்கொண்டு அப்படியே நடக்கிறேன். கடைசியில் சட்டத்தை மீறியதும் நீதான். ஞாயிற்றுக்கிழமை வாலுவின் இருமலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், பேச்சோடு பேச்சாக, "கடைசித் தவணையும் கட்டிட்டேங்க, முடிஞ்சுது" என்றாய். நம் பெண்ணுக்கு என்ன மருந்து கொடுத்தாய் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் எதுவும் காதில் ஏறவில்லை.

மறுநாள் க்ரேனில் ஏறி உட்கார்ந்ததும், கீழே இருப்பவர்களுக்கு முகம் தெரியாது என்ற தைரியத்தில் நன்றாக அழுதேன். அந்த டிவி, அந்த பைக், கார்டைத் தேய்த்துத் தேய்த்து வாங்கிய மற்றதெல்லாம், அதன் மேல் ஏறிய வட்டி, எல்லாவற்றையும் தலைமுழுகியாச்சு. டிவியும் பைக்கும் எப்போதோ வீட்டை விட்டுப் போய்விட்டன. தவணை மட்டும் நம்மோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இனி ஜூன் கடைசியில் என் ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்போது ஒரு விஷயம். கோபப்படாமல் படி.

அன்றைக்கு வாலு உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா, என் ஃபிரெண்ட்ஸ் வந்தாங்க, நாங்க மொத்தம் நாலு பேரு. நம்ம வீட்ல மூணே மூணு நாற்காலிதான்பா!" அத்தோடு லைன் அறுந்துவிட்டது. எட்டு வயதுப் பெண் தன் தோழிகளை உட்கார வைக்க முடியாமல் நின்றிருக்கிறாள். அவளுக்கு அப்பன் என்று நான் ஒருவன் இங்கே ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால் ஒரு சோபா. இங்கே டவுனில் பார்த்து வைத்திருக்கிறேன். நீளம் ஏழடி, அகலம் மூன்றடி. அந்தக் கடைக்கு நம் ஊரிலும் கிளை இருக்கிறது, வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கடன் கிடன் எதுவும் இல்லை, தவணைதான். நம் வழக்கப்படி கூடத்தில் வரைந்து வை.

உன்
க்ரேன்காரன்

பி.கு. என் அறைத்தோழன் கம்பி உன்னை விசாரித்தான். கம்பி கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான், ஆனால் ஆள் பூசணிக்காய்.


வீடு
மார்ச் 12

என்னங்க,

இருமல் நின்றுவிட்டது. கஷாயம் கொடுத்தேன், பாதியைச் செடிக்கு ஊற்றிவிட்டாள். செடியும் நலம்.

நீங்கள் ஆகாயத்தில் அழுதீர்கள் என்றால், நான் கடையில் லென்ஸ் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறதே என்று முதலாளி வெளியிலிருந்து கத்தினார். வெளியே வந்து அன்றைக்கு ஆறு பேருக்கு ஃபிரேம் மாட்டினேன். ஒரு அம்மா, "என்னம்மா, இன்னைக்கு நீயே பளபளன்னு இருக்கே" என்றார்கள். புதுக் கண்ணாடி போட்டால் எல்லாரும் அப்படித்தான் தெரிவார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடன் இல்லை, தவணைதான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மூன்று முறை படித்தேன். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா?

சரி, வரைந்துவிட்டேன். வழக்கத்தை விடுவானேன். பெரிய பொருள் எதுவானாலும் அதன் அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட வேண்டும், ஒரு மாசம் அதை மிதிக்காமல் சுற்றி நடக்க வேண்டும், மாசம் முடிந்தும் அது வேண்டும் என்று தோன்றினால், கையில் முழுப் பணம் இருந்தால், வாங்கலாம். மூன்றாவது விதியை மறந்துவிட்டீர்களோ என்று சந்தேகம். கட்டைவிரல் மாதிரி அதுதான் முக்கியம்.

இந்த வழக்கத்திலும் ஓட்டை உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். துணி அலமாரியை இப்படித்தான் ஒரு மாசம் வரைந்து பார்த்து வாங்கினோம். தரையில் கச்சிதமாக உட்கார்ந்தது. சாக்பீஸுக்கு உயரம் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் கூடத்து விளக்கைப் போட வேண்டுமென்றால் அலமாரியைத் திறந்து, உங்கள் சட்டைகளை விலக்கி, பின்பலகையில் நீங்கள் அறுத்த ஓட்டை வழியாகக் கையை விட்டு சுவிட்சைத் தேடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் ஏதோ புதையல் எடுக்கிறேன் என்று பார்க்கிறார்கள்.

சோபா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வேலை செய்திருக்கிறேன், கேளுங்கள். தவணை முடிந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லாமல், ஏன், எனக்கே சொல்லாமல், அதே தேதியில் அதே தொகையைக் கட்டினேன். இந்த முறை கட்டினது திடீர் டப்பாவில். வீட்டு வாடகை டப்பா, சாப்பாட்டு டப்பா, மூன்றாவதாக ஒன்று எப்போதும் காலியாகவே உட்கார்ந்திருக்குமே, திடீரென்று வருகிற செலவுக்காக, அதில். ஒன்றரை வருஷம் யாருக்கோ கட்டிப் பழகிய கை, இனி நமக்குக் கட்டட்டும். இப்படியே போனால் வருஷக் கடைசிக்குள் நீங்கள் கேட்கிற சோபா வட்டி இல்லாமல் வந்துவிடும். அதுவரை தரையில் இருப்பதில் உட்காருங்கள், நன்றாக இருக்கிறது.

ஜூன் என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் வாலுவுக்கு வாசித்துக் காட்டினேன். காலண்டரை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று தெரியவில்லை, கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

உங்கள்
வீட்டுக்காரி


பாலத் தளம்
மார்ச் 22

கண்ணாடிக்காரிக்கு,

டப்பா விஷயம் படித்துவிட்டுக் கம்பியிடம் வாசித்துக் காட்டினேன். "உன் வீட்டம்மாவை நிதி மந்திரி ஆக்கிடலாம்டா" என்றான். அவன் சொல்கிறதைக் கணக்கில் எடுக்காதே. தவணையில் கார் வாங்கி ஊரில் நிறுத்தியிருக்கிறான், ஓட்ட இவன் அங்கே இல்லை. அவன் மச்சான் ஓட்டுகிறான், இவன் கட்டுகிறான்.

வருஷக் கடைசி என்கிறாயே, அதுதான் இடிக்கிறது. நான் ஜூனில் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டாமா? ஒன்றரை வருஷம் கழித்து வருகிறவன் அதே மூன்று நாற்காலியைப் பார்க்க வேண்டுமா? கடையில் என்னை அந்த சோபாவில் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் டீ வரவழைத்தார். "சார் மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார் இது" என்றார். அவர் எல்லாரிடமும் சொல்கிறதுதான், எனக்கும் தெரியும். ஆனால் என்னை யாராவது சார் என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாகிறது. இங்கே எல்லாரும் "ஏ, மேலே!" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று, சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன். பாலம் முடிய இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். இருந்து முடித்துக் கொடுக்கிறவர்களுக்குக் கம்பெனி முன்பணம் தருகிறதாம். நிறைய பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். சும்மா சொன்னேன்.

வேலை நன்றாகப் போகிறது. நேற்று மேற்பார்வையாளரோடு சின்னச் சண்டை. ஒரு இரும்புச் சட்டத்தைத் தூக்கச் சொன்னார். கேபின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற எடை அட்டவணையைப் பார்த்தேன். கை நீட்டுகிற தூரம் கூடக் கூட, க்ரேன் தாங்குகிற எடை குறையும். அந்தத் தூரத்துக்கு அந்த எடை ஆகாது. "கொஞ்சம்தானே கூட, தூக்குப்பா" என்று கத்தினார். கொக்கியை அசைக்கவே இல்லை நான். அரை மணி நேரம் திட்டிவிட்டு இரண்டாக வெட்டி அனுப்பினார். இப்படியெல்லாம் என்னைப் பார்த்திருக்கிறாயா நீ? பார்த்தால் இன்னொரு தடவை கட்டிக்கொள்வாய்.

சோபா எப்படி இருக்கிறது? வாலு அதில் உட்காருகிறாளா?

உன்
க்ரேன்காரன்


வீடு
ஏப்ரல் 1

என்னங்க,

சோபா சௌக்கியம். முதல் வாரம் நானும் வாலுவும் மரியாதையாகச் சுற்றிப் போனோம். மேல்வீட்டு அக்கா காய் கொடுக்க வந்தவர்கள், கோட்டைப் பார்த்துவிட்டு, "போலீஸ் வந்துட்டுப் போச்சா?" என்று பயந்தேவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் நீட்டி உட்கார்ந்து, "முதுகுக்கு இதமா இருக்கு" என்றார்கள். வாலு அதற்குப் பச்சை சாக்பீஸில் பூ போட்டு மெத்தை வைத்தாள். இரண்டாவது வாரம் துணி காயப்போட அவசரமாக ஓடினதில் குறுக்கே மிதித்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் மாப் போட்டபோது ஒரு கை போய்விட்டது. சோபாவின் கையைச் சொல்கிறேன். அது போனதை நான்கு நாள் கழித்துத்தான் கவனித்தோம். இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த நாற்காலிச் சமாசாரத்தையும் கேட்டேன். "ஏண்டி, நாற்காலி பத்தலைன்னு அப்பாகிட்ட அழுதியா?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அழுதேனா? நாங்க நாலு பேரும்மா. மியூசிக்கல் சேர் விளையாட மூணு நாற்காலி இருந்தா கரெக்டு. அவங்கள்ல ஒருத்தி வீட்ல சோபா இருக்கு, அதுல விளையாடவே முடியாது. அதான் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வராங்க. அதைத்தாம்மா அப்பாகிட்ட சொன்னேன்." அதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஷோரூமுக்கு ஓடினீர்கள் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "பாவம் அப்பா" என்றாள்.

இப்போது நான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன அவ்வளவு தேன் ஒழுகிற்று? என் முதுகு வலியைக் கேட்டீர்கள், என் முதலாளியின் முதுகு வலியைக் கேட்டீர்கள். ஜூனைப் பற்றி நான் பேச்சு எடுத்தபோதெல்லாம் மழையைப் பற்றிப் பேசினீர்கள். பத்து வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நீங்கள் இவ்வளவு இனிக்கிறீர்கள் என்றால் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சும்மா தகவலுக்காக என்று எழுதியிருந்தீர்களே, அது சும்மாதானா?

உங்களை வருத்தப்படுத்த இதை எழுதவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த வசூல்காரன் கடைக்கு வந்த நாளை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. ஒரு பெரியவருக்குக் கண்ணாடிக் கம்பியைக் காதுக்குப் பின்னால் வளைத்துக்கொண்டிருந்தேன். அவன் எல்லார் முன்னாலும் உங்கள் பெயரைச் சொல்லி, தொகையைச் சொல்லி, "எப்ப தருவீங்க?" என்றான். என் கை நடுங்கியதில் கம்பி அந்தப் பெரியவர் காதைக் கீறிவிட்டது. அவர், "பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா" என்றார். அவர் பரவாயில்லை என்றதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. டிவியும் வேண்டாம், சோபாவும் வேண்டாம், இன்னொரு முறை என் கை அப்படி நடுங்கக்கூடாது.

இன்னொன்று. எடை அட்டவணைக்காக மேலதிகாரியிடம் சண்டை போடுகிறவர், வீட்டு விஷயத்தில் மட்டும் "கொஞ்சம்தானே கூட" என்கிற அந்த மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறீர்களே, ஏன்?

பதில் உடனே வேண்டும். மழை வேண்டாம்.

உங்கள்
வீட்டுக்காரி


பாலத் தளம்
ஏப்ரல் 9

கண்ணம்மா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கம்பி, "பேப்பரை வீணாக்காதே, திட்டு வாங்கறது எப்படியும் ஒண்ணுதான்" என்கிறான்.

சோபாவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். மார்ச் கடைசியில். டப்பாக் கடிதத்துக்குப் பதில் போட்ட கையோடு. கடையில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் கட்டச் சொன்னார்கள், மீதி இரண்டு வருஷத் தவணை. என் சம்பளம் முழுக்க உன்னிடம் வந்துவிடுகிறது, கையில் ஏது? அதனால் கம்பெனி முன்பணத்தை வாங்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த ஜூன் வரைக்கும்.

எழுதிவிட்டேன். இப்போது மூச்சு விடுகிறேன்.

ஜூனில் உனக்கு ஒரு சோபா வந்து சேரும், நான் வந்து சேர மாட்டேன் என்று ஆகிவிட்டது. கையெழுத்துப் போடும்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு வருஷம்தானே, ஓடிவிடும், பெண்ணுக்கு வீடு வீடாக இருக்கும் என்றுதான் தோன்றியது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு க்ரேனில் ஏறினேன். எடை அட்டவணையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நாற்காலி விளையாட்டுக்கா நான் ஒரு வருஷத்தை எழுதிக் கொடுத்தேன்?

அந்தப் பெரியவர் காது விஷயம் எனக்குத் தெரியாதே. ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும் அப்போது நான் கத்தியிருப்பேன், அதனால்தான் சொல்லவில்லை, தெரிகிறது.

பதினேழாம் தேதி வாக்கில் வண்டி வரும். கடிதம் அதற்கு முன்னால் வந்தால் சரி. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன்
க்ரேன்காரன்


வீடு
ஏப்ரல் 18

என்னங்க,

கடிதம் முந்தாநாள் வந்தது. வண்டி நேற்று வந்தது. நடுவில் கோபப்பட எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது, அதிலும் பாதி நேரம் கண்ணாடிக் கடையில் போய்விட்டது.

முதலில் சோபாவின் கதை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நம் படிக்கட்டு திரும்பும் இடத்தில் அது நின்றுவிட்டது. நிமிர்த்தினார்கள், சாய்த்தார்கள், தலைகீழாக்கினார்கள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சாக்பீஸுக்கு உயரம் தெரியாது என்பதை அலமாரியில் கற்றுக்கொண்டோம். அதற்கு வாசலும் தெரியாது, மாடிப்படியும் தெரியாது என்பதை நேற்று கற்றுக்கொண்டேன். மேல்வீட்டு அக்கா வேலைக்குப் போக முடியாமல் மேல்படியில் பையோடு நின்றார்கள். கடைசியில் சோபாவின் மேலேயே ஏறி, உட்கார்ந்து, இந்தப் பக்கம் சறுக்கி இறங்கினார்கள். "நல்ல மெத்தைதான், திருப்பி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டிக்காரர்கள் பயந்துபோய் தண்ணீர் கொடுத்தார்கள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது போலிருக்கிறது.

எப்படியோ கீழே இறக்கவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். படிக்குள் நுழையாத பொருளை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிகிறது. போக வர வண்டிக்கூலியைப் பிடித்துக்கொண்டு மீதியை அங்கே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்களாம்.

இப்போது சோபாவை விடுங்கள். சோபா மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த ஒரு வருஷத்தின் மேல்தான் கோபம். அது உங்களுடையது மட்டுமா, கேட்காமல் கையெழுத்துப் போட? அதில் பாதி என்னுடையது, முக்கால் வாலுவுடையது. கணக்கு உதைக்கிறது என்று சொல்லாதீர்கள். வீட்டில் கணக்கு அப்படித்தான்.

நேற்று சாயங்காலம் கூடத்தில் மிச்சம் இருந்த சோபாக் கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். வாலு சாக்பீஸ் டப்பாவோடு வந்து நின்றாள். "அம்மா, அப்பாவை வரையலாமா?" என்றாள். நீங்கள் படுக்கிற இடத்தில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில், உங்கள் சட்டை பேன்ட்டை விரித்து வைத்து வரைந்தோம். உயரத்தில் சண்டை வந்தது. அவளுக்கு நீங்கள் ஏழடி. நீங்கள் சாய்ந்து உட்காருகிற சுவரில் தலை எண்ணெய்க் கறை இருக்கிறதே, அதிலிருந்து அளந்து ஒரு வழியாக முடிவுக்கு வந்தோம். பாதம் எப்போதும் போலப் பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வரைந்து முடித்ததும் அவள் ஒளித்து வைத்திருந்த காலண்டரைக் கொண்டுவந்தாள். ஜூன் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன க்ரேன் படம். அடுத்த ஜூனுக்கு அந்தக் காலண்டரில் இடமே இல்லை, நான் என்ன சொல்வேன் அவளிடம்?

நீ சொல்வதைச் செய்கிறேன் என்றீர்கள். சொல்கிறேன். நாளைக்கே ஆபீஸுக்குப் போய், முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் கையெழுத்து என்னாகும் என்று கேளுங்கள். வண்டிக்கூலிக்குத் துண்டு விழும். கம்பியிடம் கைமாற்று வாங்காதீர்கள். திடீர் டப்பாவில் இரண்டு மாசம் நமக்கு நாமே கட்டிய தவணை அப்படியே இருக்கிறது. இன்றைக்கே மணியார்டர் செய்துவிட்டேன். திடீர் என்பது இதுதான்.

கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் சாப்பிட்டீர்களா?

உங்கள்
வீட்டுக்காரி


பாலத் தளம்
மே 6

கண்ணம்மா,

சாப்பிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு மட்டும் சாப்பிடவில்லை.

மணியார்டரும் கடிதமும் ஒரே நாளில் வந்தன. கடைக்காரர் கொடுத்த மீதியையும் உன் பணத்தையும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருக்கிற கணக்கர் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். நீ இருந்தால் முதலில் அதன் கம்பியை நிமிர்த்தியிருப்பாய். "எல்லாரும் வாங்கத்தான் வருவாங்க. திருப்பித் தர வந்த முதல் ஆள் நீதான். என்ன, உடம்புக்கு ஏதாவது?" என்றார். வாங்கிய மாசத்துக்கு அடுத்த மாசக் கடைசிக்குள் முழுசாகக் கட்டினால் கையெழுத்து செல்லாதாம். நான் போனது ஏப்ரல் இருபத்தாறு. எண்ணிப் பார்த்தார். உன் டப்பாப் பணம் இல்லையென்றால் துண்டு விழுந்திருக்கும். அதைச் சேர்த்ததும் சரியாக வந்து, டீக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. காகிதத்தை என் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தார். மேற்பார்வையாளர் இரும்புச் சட்டத்தை வெட்டி அனுப்பியபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆபீஸுக்குப் போகிற வழியில் கம்பி, "எதுக்குடா வீட்டம்மா காசு, நான் தரேன், அப்புறம் மெதுவா கொடு" என்றான். மெதுவா என்ற வார்த்தை எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே. வேண்டாம்டா என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடனை நானே வேண்டாம் என்றிருக்கிறேன், கையை நீட்டிக்கொண்டு நின்றவன் கம்பியாக இருந்தாலும் சரி. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தச் சாக்பீஸ் விஷயம், காருக்குச் செய்யலாமா?" என்று கேட்டான். அவன் மச்சான் வீட்டு வாசலில்தான் வரைய வேண்டும் என்றேன்.

உன்னைக் கேட்காமல் உன் வருஷத்தை எழுதிக் கொடுத்தேன். தப்பு. அதைப் போனில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். வாலுவிடம் நீயே சொல்லிவிடு, அப்பாவுக்கு கடைசிச் சுற்றில் நாற்காலி கிடைத்துவிட்டது என்று.

ஜூன் இருபத்தெட்டில் கிளம்புகிறேன். என்ன வாங்கிக்கொண்டு வரட்டும்?

உன்
க்ரேன்காரன்


வீடு
மே 18

என்னங்க,

ஒன்றும் வாங்க வேண்டாம். தப்பித்தவறிக் கடைப்பக்கம் போனால் அங்கே டீ மட்டும் குடிக்காதீர்கள், அவர்கள் டீயில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நேற்றோடு நீங்கள் கூடத்தில் வந்து படுத்து ஒரு மாசம் ஆகிறது. விதிப்படி பார்த்தோம். சோபாவை இரண்டாவது வாரமே மிதித்தேன். உங்களை யாரும் மிதிக்கவில்லை. மாப் போடும்போது கை தானாக வளைந்து போகிறது. அதனால் உங்களுக்குள்ளே மட்டும் தூசி சேர்ந்துவிட்டது, வந்ததும் குளியுங்கள். வாலு தினமும் உங்கள் தோள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நடுவில் ஏதாவது கேட்டுவிட்டு, பதில் வந்த மாதிரி தலையாட்டுகிறாள். ஃபிரெண்ட்ஸ் வந்து நாற்காலி விளையாட்டு நடந்தால், அவர்களையும் உங்களைச் சுற்றித்தான் ஓட விடுகிறாள். உங்கள் கோட்டில் கால் பட்டால் அவுட்.

மேல்வீட்டு அக்கா ஒரு முறை தெரியாமல் உங்கள் கை மேல் கால் வைக்கப் போனார்கள். நான் கத்திய கத்தலில் காய்ப்பையைப் போட்டுவிட்டார்கள். பிறகு அவர்களே சாக்பீஸை எடுத்து, மங்கியிருந்த விரலைச் சரி செய்துவிட்டுப் போனார்கள்.

முதல் இரண்டு விதியும் ஆச்சு. மூன்றாவது விதி, முழுசாகக் கையில் இருக்க வேண்டும் என்பது. உங்களை இனிமேல் வருஷத்துக்கு ஒரு மாசம், லீவுக்குப் பத்து நாள் என்று தவணையில் வாங்குவதாக இல்லை. மொத்தமாக வாருங்கள். திடீர் டப்பாவைக் காலி செய்து நாங்கள் வாங்கிய முதல் பொருள் நீங்கள்தான், திருப்பி எடுத்துக்கொள்ள யாருக்கும் விட மாட்டோம். டப்பாவில் இந்த மாசத் தவணையையும் போட்டுவிட்டேன்.

கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை, தேடிப் பார்த்தேன், காணோம்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. சாக்பீஸை நம்பி இரண்டு தடவை ஏமாந்தவள் இல்லையா நான், அதனால் இன்று காலையில் வாலுவை டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் படிக்கட்டையும் வாசலையும் அளந்தேன். தலையைக் கொஞ்சம் குனிந்தால் போதும், நீங்கள் தாராளமாக உள்ளே வரலாம்.

உங்கள்
வீட்டுக்காரி